தவணை கட்டியவருக்கே வீடு சொந்தமா?

கேள்வி: 2012-ல் இந்து முறைப்படி திருமணம் நடந்தது. என் நகையில் 20 சவரனை விற்று ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். பத்திரமும் வங்கிக் கடனும் இருவர் பெயரிலும் இருக்கின்றன. தவணை கணவர் சம்பளத்தில் போகிறது. அவர் பெயரில் மட்டும் ஒரு மனையும் உண்டு. மீதி நகை மாமியார் லாக்கரில். இப்போது விவாகரத்து கேட்கும் கணவர், “தவணை கட்டுவது நான், வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போ” என்கிறார். எல்லாவற்றிலும் எனக்குப் பாதி உண்டு என்கிறார் என் அண்ணன். எது சரி?
- வாசகி, மதுரை

பதில்: இரண்டும் சரியில்லை, சகோதரி. கல்யாணத்துக்குப் பின் வாங்கியதை ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கும் சட்டம், கோவா போன்ற ஓரிரு பகுதிகள் நீங்கலாக, நம் நாட்டில் இல்லை. பத்திரம் யார் பெயரில், பணம் யாருடையது என்றுதான் கோர்ட் முதலில் பார்க்கும்.

ஃபிளாட்டில் நீங்களும் உரிமையாளர். கணவர் தவணை கட்டுவதால் அது போய்விடாது. சொத்து மாற்றுச் சட்டம் 45-வது பிரிவின்படி, இருவரும் தனித்தனியே பணம் போட்டிருந்தால் போட்ட அளவுக்குப் பங்கு. அதற்கு ஆதாரம் இல்லையென்றால் சம பங்கு. அவர் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு வருவார். உங்கள் கையில் என்ன இருக்கிறது? நகை விற்ற ரசீது, அந்தப் பணம் கணக்கில் ஏறிய தேதி, பில்டருக்குப் போன காசோலை, இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் உங்கள் கட்சி பலமாக நிற்கும். இன்றே தேடி எடுங்கள்.

மனை விஷயம் இழுபறிதான். சட்டப்படி அது அவருடையது. ஆனால் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் உழைப்பும் சொத்து சேர்ப்பதில் பங்களிப்பே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் ஒரு வழக்கில் சம பங்கு கொடுத்தது. அதை வைத்து வாதாடலாம், நம்பி உட்கார முடியாது. பங்கு கிடைக்காவிட்டாலும், ஜீவனாம்சம் நிர்ணயிக்கும்போது அந்த மனையும் கணக்கில் வரும். 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்ச வழக்கில் இருவரும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும்.

நகையில் பேச்சுக்கே இடமில்லை. அது சீதனம், முழுக்க உங்களுடையது. உச்ச நீதிமன்றம் 2024-லும் அதை உறுதி செய்தது. யார் லாக்கரில் இருந்தாலும் திருப்பிக் கேட்கலாம். கடை பில் இல்லையென்றால் கல்யாண ஆல்பம் உதவும்.

பலர் கோட்டை விடுவது கடனில்தான். தவணை நின்றால் வங்கி உங்களையும் தேடி வரும். விவாகரத்துத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. எனவே வீட்டை அவருக்கே விட்டுக்கொடுப்பதானால், உங்கள் பங்குக்கான தொகை டிமாண்ட் டிராஃப்டாகக் கைக்கு வந்து, கடனிலிருந்து உங்கள் பெயரை நீக்கியதாக வங்கி கடிதம் கொடுக்கும் வரை, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.