மூச்சோடு ஏறி இறங்கும் அலை

கேள்வி: வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் மானிட்டரில் ஓடும் இரத்த அழுத்த அலை, ஒவ்வொரு மூச்சுக்கும் உயர்ந்து தாழ்வது ஏன்? அதைப் பார்த்து சலைன் ஏற்றுவதா வேண்டாமா என்று மருத்துவர்கள் முடிவெடுப்பது எப்படி?

பதில்: அந்த அலை, மணிக்கட்டுத் தமனிக்குள் செருகிய மெல்லிய குழாயிலிருந்து வருகிறது. குழாயில் நிறைந்த திரவம் தமனியின் அழுத்தத்தை ஓர் உணர்கருவிக்குக் கடத்த, ஒவ்வொரு துடிப்பும் திரையில் ஒரு மேடாகத் தெரிகிறது. மேட்டின் உச்சிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசமே நாடி அழுத்தம். உச்சி 120, அடி 80 என்றால் அது 40.

இயல்பாக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறையும். வென்டிலேட்டரோ காற்றை உள்ளே தள்ளுவதால் அழுத்தம் கூடுகிறது. விரிந்த நுரையீரல் தன் நாளங்களில் இருந்த இரத்தத்தை இடப்பக்க இதயத்துக்குப் பிழிந்து தர, அலை சற்று உயர்கிறது. அதே நேரத்தில் உடலிலிருந்து வலப்பக்க இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைபடுகிறது. அந்தக் குறைவு நுரையீரலைக் கடந்து இடப்பக்கம் வந்து சேரச் சில துடிப்புகள் ஆகும். அப்போது, பெரும்பாலும் மூச்சு வெளியேறும் நேரத்தில், அலை தாழ்கிறது.

எல்லாரிடமும் இந்த அசைவு சிறிதளவு இருக்கும். பெரிதாக இருந்தால்தான் பொருள் உண்டு. கிணற்றில் நீர் அடியில் கிடக்கும்போது மோட்டார் விட்டுவிட்டு இறைப்பதுபோல, போதுமான இரத்தம் நிரம்பாத இதயத்தில் வரத்து சிறிது குறைந்தாலும் வெளியேற்றம் வெகுவாகக் குறையும். நிரம்பிய இதயம் அதைப் பொருட்படுத்தாது.

இதைக் கணக்கிடுவது எளிது. ஒரு மூச்சுச் சுழற்சியில் நாடி அழுத்தம் அதிகபட்சம் 44, குறைந்தபட்சம் 36 என்றால், வித்தியாசம் 8, சராசரி 40. மாறுபாடு 20 சதவீதம். செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிகள் 40 பேரிடம் நடந்து 2000-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், 13 சதவீதத்துக்கு மேல் மாறுபாடு இருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் திரவம் ஏற்றியதும் இதய வெளியேற்றம் கூடியது. 9-க்கும் 13-க்கும் இடைப்பட்டால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்பது பின்னர் தெரிந்தது.

இந்த எண்ணை நம்ப நிபந்தனைகள் உண்டு. நோயாளி தானாக மூச்சு இழுக்கக் கூடாது. துடிப்பு சீராக இருக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சிலும் உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 8 மில்லியாவது காற்று செல்ல வேண்டும். இங்கேதான் சிக்கல். அதே 2000-இல் வெளியான மற்றோர் ஆய்வு, கடுமையாகப் பாதிக்கப்பட்ட நுரையீரலுக்கு 6 மில்லியே பாதுகாப்பானது என்று காட்டியது. ஆகவே இந்த அளவீடு மிகவும் தேவைப்படும் பலரிடம் அதன் நிபந்தனையே நிறைவேறுவதில்லை. குறைந்த காற்றில் நெஞ்சழுத்தம் போதுமான அளவு மாறாததால், இரத்தம் குறைந்தவரிடமும் அசைவு சிறிதாகத் தெரியலாம். வலப்பக்க இதயம் தளர்ந்திருந்தால் நேர்மாறாக அசைவு பெரிதாகி ஏமாற்றும். அங்கே சலைன் கேடு செய்யும்.

அலையின் தரமும் முக்கியம். குழாயில் காற்றுக்குமிழோ இரத்தக்கட்டியோ இருந்தால் உச்சி மழுங்கி நாடி அழுத்தம் பொய்யாகச் சுருங்கும். உணர்கருவி இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் அழுத்தம் சுமார் 7 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டும். ஆனால் உச்சியும் அடியும் சேர்ந்தே உயர்வதால் நாடி அழுத்தம் மாறாது.

நிபந்தனை பொருந்தாத இடத்தில் கால்களை 45 பாகைக்கு உயர்த்திப் பார்ப்பது நல்ல வழி. கால்களிலிருந்து சுமார் 300 மில்லி இரத்தம் இதயத்துக்கு வரும். வெளியேற்றம் கூடுகிறதா என்று உடனே அளக்கலாம். கால்களை இறக்கினால் அந்த இரத்தம் திரும்பிவிடும். ஏற்றிய சலைனைத் திரும்ப எடுக்க முடியாது.

மாறுபாடு 13-ஐத் தாண்டியதாலேயே சலைன் தேவை என்றாகாது. ஏற்றினால் இதயம் பதில் தரும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. சிறுநீர் போதுமான அளவு பிரிந்து, கைகால் வெதுவெதுப்பாக, அழுத்தமும் நிலையாக இருக்கும் நோயாளிக்கு, அலை எவ்வளவு அசைந்தாலும் அதற்காக ஒரு பாட்டில் ஏற்ற வேண்டியதில்லை.