கத்தரியில் சொத்தை: ரசாயன மருந்தடிக்காமல் தடுக்க

கத்தரிக்காயில் நாம் பார்க்கும் பெரிய ஓட்டை, பெரும்பாலும் புழு வெளியேறிய வழி. அது நுழைந்த துளை மிகச் சிறியது. கழிவால் அடைபட்டும் இருக்கும். உள்ளே போய்விட்ட புழுவை மேலே தெளிக்கும் மருந்து எட்டாது. வாரம் தவறாமல் மருந்தடித்தும் சொத்தை குறையாததற்கு முதல் காரணம் இதுதான். முட்டையிலேயே அழிப்பதும், காய்க்குள் நுழையவிடாமல் தடுப்பதும்தான் வழி.

செய்ய வேண்டியவை

• காய் பிடிக்கும் முன் புழு இளந்தண்டைத் துளைக்கும். நுனி வாடித் தொங்கும். வாடிய நுனியைப் புழு இருக்கும் இடத்துக்குக் கீழே கிள்ளி அழியுங்கள். வாரம் இருமுறையாவது தோட்டத்தைச் சுற்றி வாருங்கள்.

• ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். செடி வளர வளரப் பொறியையும் உயர்த்துங்கள். இந்தப் புழுவுக்கு, அதாவது கத்தரித் துளைப்பானுக்கு, உரிய கவர்ச்சிப் பொருளையே கேட்டு வாங்குங்கள். வேறு பூச்சிக்கானது பயன்படாது.

• பூக்கத் தொடங்கியதும் டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டையை வாரம் ஒருமுறை இலையின் அடியில் கட்டுங்கள். இந்தச் சிறு குளவி, துளைப்பானின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். புழு பிறக்கவே பிறக்காது.

• 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 10 லிட்டராக்கி, 10 முதல் 20 கிராம் காதி சோப்பைக் கரைத்துவிடுங்கள். மாலையில் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள்.



செய்யக்கூடாதவை

• சொத்தைக் காய்களை வரப்பில் கொட்டாதீர்கள். புழு அங்கேயே கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் தோட்டத்துக்குத் திரும்பும். ஆழமாகப் புதையுங்கள்.

• கத்தரி எடுத்த நிலத்தில் உடனே கத்தரி நடாதீர்கள். பழைய செடியை வெட்டி மறுதாம்பும் விடாதீர்கள். புழுவுக்கு இரை தொடர்ந்து கிடைத்தால் பெருகிக்கொண்டே இருக்கும்.

• ஒட்டுண்ணி அட்டை கட்டிய தோட்டத்தில் ரசாயன மருந்து அடிக்காதீர்கள். முதலில் சாவது ஒட்டுண்ணிதான்.

• வேப்பஞ்சாற்றை உச்சி வெயிலில் தெளிக்காதீர்கள்; வெயிலில் அதன் வீரியம் சிதையும். பூசணம் பிடித்த கொட்டையையும் பழைய கொட்டையையும் தவிருங்கள்.

• புகையிலைக் கரைசலைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். அதிலுள்ள நிகோடின் தோல் வழியாகவே உடலில் ஏறும். இலையிலிருந்து வந்தாலும் நஞ்சு நஞ்சுதான்.

• புள்ளி வண்டையெல்லாம் கொல்லாதீர்கள். பளபளவென்று வழவழப்பாக இருக்கும் பொறிவண்டு அசுவினியைத் தின்னும் நண்பன். மங்கலாக, மேலே நுண்ணிய மயிருடன் இருப்பதே இலையை அரிக்கும் வண்டு. அதன் மஞ்சள் நிறப் புழுவின் உடலெங்கும் முள் இருக்கும்.

• பதிவு எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத பாட்டிலை, ‘இயற்கை மருந்து’ என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

கத்தரியைத் தோலோடுதான் சமைக்கிறோம். அதில் தெளிக்கும் நஞ்சு தெளிப்பவரின் மூச்சிலும் சாப்பிடுபவரின் தட்டிலும் சேர்கிறது. இந்த முறைகளை ஒருவர் மட்டும் செய்தால் பலன் குறையும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து அந்துப்பூச்சி பறந்து வந்துவிடும். அடுத்த நடவுக்கு முன் அக்கம்பக்கத்துக் கத்தரி விவசாயிகளோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒரே வாரத்தில் எல்லோரும் பொறி வையுங்கள்.