பாடம் செய்த நாயும் பாட்டனார் விட்டுச்சென்ற மான் தலையும்

கேள்வி: திருவண்ணாமலையில் வசிக்கும் வாசகர் ஒருவர், அக்னி நட்சத்திரத்தின்போது இறந்த தமது சிப்பிப்பாறை நாயை மறுநாள் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, வெளியூர்க் கைவினைஞர் ஒருவரிடம் பாடம் செய்யக் கொடுத்தார். பேசிய கூலி 60,000 ரூபாய், முன்பணம் 40,000. பாட்டனார் காலத்திலிருந்து கூடத்தில் மாட்டியிருந்த வெளிமான் தலையையும் அப்போதே பழுது பார்க்கக் கொடுத்ததால், அதற்கான 8,000 ரூபாயும் அதே ரசீதில் எழுதப்பட்டது. திரும்பி வந்த நாயின் கண்கள் இரண்டும் இரு திசை பார்க்கின்றன, நான்கே மாதத்தில் வயிற்றில் முடி கொத்தாக உதிர்கிறது, வாடையும் அடிக்கிறது. நாய்க்குரிய மீதி 20,000 ரூபாயைத் தராமல் மான் தலையைத் தர முடியாது என்கிறார் கைவினைஞர். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா, மான் தலைக்காகக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா என்று கேட்கிறார் வாசகர்.

பதில்: ஒரே ரசீதில் எழுதப்பட்டிருந்தாலும் இவ்விரண்டு பொருள்களையும் ஆள்பவை வெவ்வேறு சட்டங்கள். நாய் விஷயத்தில் வாசகர் வழக்குத் தொடுக்கும் நிலையில் இருக்கிறார். மான் தலை விஷயத்தில் அவர் மீதே வழக்கு வரக்கூடும். ஆகவே காவல் நிலையத்துக்குப் போகும் எண்ணத்தை இப்போதைக்கு நிறுத்திவைப்பதே முதல் ஆலோசனை.

பாடம் செய்தல் என்பது, இறந்த விலங்கின் தோலை உரித்துப் பதனிட்டு, அதன் உடலளவுக்கு ஏற்பச் செய்த உருவின் மேல் போர்த்தித் தைத்து, கண்ணாடிக் கண் பொருத்தி நிறுத்தும் வேலையாகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இத்தொழிலைக் கட்டுப்படுத்தினாலும், அக்கட்டுப்பாடு காட்டு விலங்குகளைப் பற்றியதே. வீட்டு நாய் அச்சட்டத்தின் அட்டவணைகளில் இடம்பெறவில்லை என்பதால், அதைப் பாடம் செய்வித்ததில் குற்றமில்லை. பசு லட்சுமிக்கும், மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும் சமாதி எழுப்பிய ரமணாசிரமம் இருக்கும் ஊரில், நாயைப் புதைக்காமல் நிறுத்திவைக்க விரும்பியது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். அது வீட்டார் விருப்பம், சட்டம் அதில் தலையிடுவதில்லை.

அடுத்து, வேலை மோசம் என்பதை எப்படி நிறுவுவது என்ற கேள்வி எழுகிறது. ‘இது எங்கள் நாய் மாதிரியே இல்லை’ என்ற மனக்குறை எவ்வளவு உண்மையானாலும் ஆணையத்தின் முன் அதிக தூரம் செல்லாது. ஏனெனில் பல ஆண்டு பழகிய விலங்கின் முகபாவத்தை வீட்டார் அறிந்த அளவுக்கு எந்தக் கைவினைஞரும் அறிய முடியாது, அதனால்தான் இத்தொழிலில் உள்ள பலர் வளர்ப்பு விலங்குகளை ஏற்கத் தயங்குகிறார்கள். வேலைக்கு முன் கொடுத்த புகைப்படங்களும், இன்ன நிலையில் நிற்க வேண்டும் என்ற எழுத்து ஒப்பந்தமும் இருந்தால் மட்டுமே சாயல் குறித்த வாதம் எடுபடும். ஆனால் கண்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் ஒரே திசையை நோக்கவில்லை என்பது சாயல் அன்று, அளந்து காட்டக்கூடிய பிழை. இமை கண்ணாடியோடு ஒட்டாமல் இடைவெளி விட்டிருப்பது, காதின் உட்புறத்தில் தோல் விலகி உப்பியிருப்பது, உதடு சுருங்கிப் பல்வரிசை தேவையின்றித் தெரிவது, தையல் வாய் பிளப்பது ஆகியவையும் அத்தகையனவே. சிப்பிப்பாறை குட்டை முடி கொண்ட இனம் என்பதால், அடர்ந்த முடியுள்ள விலங்கில் மறைந்துவிடும் தையலும் சுருக்கமும் இதில் பளிச்சென்று தெரியும். கைவினைஞர் அதை அறிந்தே வேலையை ஏற்றார் எனக் கொள்ள வேண்டும்.

முடி உதிர்வதுதான் வழக்கின் மையம். வாசகர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் அதுவே. உயிர் போனபின் தோலில் நுண்ணுயிர்கள் பெருகி மேல்தோலைத் தளரச் செய்வதால், வேரோடு முடி கழன்று வருகிறது. இது பெரும்பாலும் வயிற்றிலும் காதிலும் தொடங்கும். பதனிடுதல் அரைகுறையாக இருந்தாலும் இது நேரும், உடலை உடனே குளிரூட்டாமல் விட்டிருந்தாலும் நேரும். அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு நாள் கழித்து அனுப்பப்பட்ட உடல் ஏற்கெனவே கெட்டிருந்தது என்பதே எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். அதற்குப் பதில் இருக்கிறது: கெட்ட தோலைக் கையில் வாங்கியவுடனே கண்டுகொள்வது அத்தொழில் தெரிந்தவரின் கடமை, அதைச் சொல்லி மறுத்திருக்கவோ, பொறுப்பில்லை என எழுதி வாங்கியிருக்கவோ வேண்டும், இரண்டும் செய்யாமல் முன்பணம் பெற்றவர் பிறகு உடலைக் குறை சொல்வது பொருந்தாது. இறந்த நேரம், பனிக்கட்டியில் வைத்த நேரம், ஒப்படைத்த நேரம் ஆகியவற்றை வாசகர் இப்போதே எழுதிவைப்பது நல்லது. வாடை அடிப்பதும் இதே கேள்வியைச் சேர்ந்தது. நன்றாகப் பதனிட்டுக் காய்ந்த தோலில் வாடை இருக்காது. புழுவோ அந்துப்பூச்சியோ அரித்திருந்தால் மட்டும் வீட்டில் வைத்திருந்த விதம் பற்றிய கேள்வி வரும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கூலி பெற்றுச் செய்யும் இவ்வேலை ‘சேவை’. அதன் தரத்தில் உள்ள குறை ‘சேவைக் குறைபாடு’. அச்சட்டத்தின் 34ஆவது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க வழி செய்வதால், கைவினைஞர் எந்த ஊரில் இருந்தாலும் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு காலக்கெடு உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் ஆவணங்களையும் பிரமாண வாக்குமூலங்களையும் கொண்டே தீர்க்கப்படுகின்றன. ஆகவே கால்நடை மருத்துவர் ஒருவரோ, அருங்காட்சியகத்தில் பாடம் செய்யும் பணியில் பழகியவர் ஒருவரோ பார்த்துத் தரும் எழுத்து அறிக்கை, வாசகர் எடுத்த நூறு புகைப்படங்களை விடப் பலமானது. நாயைக் கழுவவோ, பசை தடவவோ, வேறொருவரிடம் திருத்தவோ கூடாது, சான்று கெட்டுவிடும்.

மான் தலை வேறு கதை. வெளிமான் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதன் பாடம் செய்த தலையைச் சட்டம் ‘வேட்டைச் சின்னம்’ என்ற வகையில் சேர்த்து, தலைமை வன உயிரினக் காப்பாளர் வழங்கும் உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதைத் தடை செய்கிறது. பரம்பரையாக வந்தால் விலக்கு உண்டு எனினும், 40ஆவது பிரிவின்படி, வாரிசாகப் பெற்ற 90 நாளுக்குள் அதை அறிவித்திருக்க வேண்டும். ‘தாத்தா காலத்தது’ என்ற விளக்கம் மட்டும் போதாது. 57ஆவது பிரிவின்படி, முறையாக வந்தது என்று நிரூபிக்கும் சுமை வைத்திருப்பவர் மேல் விழுகிறது. மைசூரில் நூறாண்டுக்கு நெருக்கமாக இயங்கி 1999இல் மூடப்பட்ட, விலங்குகளைப் பாடம் செய்து தந்த வான் இங்கன் நிறுவனத்தின் முத்திரை பலகையின் பின்புறம் இருந்தாலும்கூட, அது தலையின் வயதைக் காட்ட உதவுமே தவிரச் சான்றிதழாகாது. 1986இல் சேர்க்கப்பட்ட 5அ அத்தியாயம் முதல் அட்டவணை விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலையே தடுத்துவிட்டதால், பழுது பார்ப்பதும் அதில் அடங்கும் என்று வனத்துறை வாதிட இடமுண்டு. முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுவரை சிறையும், 2022 திருத்தத்துக்குப்பின் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

கைவினைஞர் தலையைப் பிடித்துவைத்திருப்பது சரியா என்றால், சான்றிதழ் இருக்கும் நிலையில்கூடச் சரியில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு, ஒரு பொருளின் மேல் உழைத்தவர் அந்த வேலைக்குரிய கூலி வரும்வரை அப்பொருளை மட்டுமே தம்மிடம் நிறுத்திவைக்க அனுமதிக்கிறது. ஒரு பொருளின் பாக்கிக்காக மற்றொன்றை வைத்துக்கொள்ளும் பொது உரிமையை 171ஆவது பிரிவு வங்கியாளர் முதலிய சிலருக்கே தருகிறது. நாயை ஒப்படைத்துவிட்டு அதன் பாக்கிக்கு மான் தலையை அடகு போல வைத்திருக்க அவருக்கு உரிமையில்லை. பழுது பார்க்கும் வேலை முடிந்திருந்தால் 8,000 ரூபாய்க்காக மட்டும் வைத்திருக்கலாம். சான்றிதழ் இல்லையென்றாலோ இந்த வாதம் எதுவும் வாசகருக்கு உதவாது. சட்டவிரோத நோக்கம் கொண்ட ஒப்பந்தம் 23ஆவது பிரிவின்படி செல்லாது, இருவருமே தவறு செய்த விவகாரத்தில் நீதிமன்றம் யாருக்கும் கைகொடுக்காது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பாட்டனார், தந்தையார் ஆவணங்களில் உரிமைச் சான்றிதழைத் தேட வேண்டும். கிடைத்தால், வாரிசு அறிவிப்பு செய்யப்பட்டதா எனப் பார்த்து, இல்லையேல் வழக்கறிஞர் மூலம் மாவட்ட வன அலுவலரை அணுக வேண்டும். தலையை வைத்துக்கொள்ள விருப்பமில்லையெனில், முன்னறிவிப்புக் கொடுத்து இழப்பீடின்றி அரசிடம் ஒப்படைக்க 42அ பிரிவு வழி செய்கிறது. சான்றிதழே இல்லையென்றால், வனத்துறைக்கு ஒரு வரி எழுதும் முன் குற்றவியல் வழக்கறிஞரிடம் நேரில் பேசியாக வேண்டும். தலையை எரிப்பதோ, விற்பதோ, வேறு வீட்டுக்கு மாற்றுவதோ நிலைமையை மோசமாக்கும். மான் தலை வரியை மறைத்து ரசீதின் பாதியை மட்டும் ஆணையத்தில் தாக்கல் செய்யும் யோசனையும் வேண்டாம். முழு ரசீது எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது.

நாய் குறித்த அறிவிப்பை வழக்கறிஞர் மூலம் அனுப்பி, வேலையைத் திருத்தித் தரவோ 40,000 ரூபாயைத் திருப்பித் தரவோ 15 நாள் அவகாசம் கொடுக்கலாம். வேலை திருத்தப்படும்வரை மீதி 20,000 ரூபாயைத் தர வேண்டியதில்லை. ஆனால் மான் தலை பற்றிய சட்ட ஆலோசனை முடியும் முன் அந்த அறிவிப்பு தபாலில் சேரக் கூடாது.