மீதி காட்டும் பிழை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையடியில், கோமுகி அணைக்கு அண்மையில் கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. இத்தகைய ஆலைகளில், கட்டுப்பாட்டு அறை வினவுங்கால் வெப்பமானி கம்பி வழியே விடையிறுக்குமாறு அமைக்கலாம். அருகே பெரிய மோட்டார்கள் ஓடுதலால் செய்தி சிதைதலும் உண்டு.

கரும்புச்சாறு 102 பாகைச் சூட்டில் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று, சுழி என்னும் ஈரெழுத்தே அறிந்த கருவிக்கு அது 1100110. ஓரெழுத்து மாறின் 1110110, அதாவது 118 ஆகும். அதனை நம்பி நீராவியை அடைத்தால் சாறு என்னாவது?

ஆகவே, ஒன்றுகள் இரட்டைப்படையாதல் வேண்டுமென விதித்தனர். குறையின் ஓரெழுத்தை மிகையாகச் சேர்ப்பர். 102இல் ஒன்றுகள் நான்கு, 118இல் ஐந்து. பிழை அகப்பட்டது! ஆனால் ஈரெழுத்து மாறி 126 ஆயின் ஒன்றுகள் ஆறு, காவலன் ஏமாந்தான். எனவே வகுத்த மீதியையும் உடன் அனுப்புவர். 7ஆல் வகுப்பின் 102க்கு மீதி 4. 126க்கு மீதியே இல்லை.

1979இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் முறையில் கருவியின் முகவரி, பணி, செய்தி, மீதி ஆகியன ஒரே சட்டகத்துள் அடங்கும். அங்கு மீதி 16 இலக்கம். கணக்கும் சற்றுக் கடினமே. வினாவின் மீதி பொருந்தாவிடின் கருவி வாய் திறவாது. அறை சிறிது பொறுத்து மீண்டும் வினவும்.

இக்கம்பியையும் கணினி வலையையும் இணைப்பது கேட்வே என்னும் பெட்டி. அதனை அமைப்பவர் வேகமும் விதியும் கருவிகளோடு ஒத்துள்ளனவா என முதற்கண் நோக்குவர். பெட்டியில் ஒற்றைப்படை, கருவியில் இரட்டைப்படை என்றிருப்பின், பழுதற்ற செய்தியும் பிழையெனத் தள்ளப்படும்.