பந்தய விமானத்துக்கு எத்தனை ஆம்பியர் கன்ட்ரோலர்?

ரேடியோ விமானங்களின் பைலான் பந்தயத்தில் மூன்று கம்பங்களைச் சுற்றிப் பறக்க வேண்டும். எஃப்.ஏ.ஐ. விதிப்படி ஒரு சுற்று 400 மீட்டர். மொத்தம் 10 சுற்று. கிளம்பிய நொடியிலிருந்து கடைசிக் கம்பத்தைத் தாண்டும்வரை த்ராட்டில் குச்சி பெரும்பாலும் உச்சியிலேயே இருக்கும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்து அந்தச் சுமை முழுவதையும் தாங்குவது ஸ்பீடு கன்ட்ரோலர், அதாவது இ.எஸ்.சி. சாதாரணப் பயிற்சி விமானத்தில் வருடக்கணக்கில் உழைத்த ஒன்று, பந்தயத்தில் முதல் நாளே கருகிப்போகலாம்.

முதலில் வோல்டேஜ். லிப்போ பேட்டரியின் ஒரு செல் 3.7 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், முழுதாக சார்ஜ் ஏறியதும் 4.2 வோல்ட் காட்டும். நாலு செல் பேட்டரி என்றால் 16.8 வோல்ட். மூன்று செல்லுக்கான கன்ட்ரோலரில் இதைச் செருகவே கூடாது.

அடுத்து ஆம்பியர். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். லேபிளில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தொடர்ந்து தாங்கும் அளவு. மற்றது ‘பர்ஸ்ட்’, சுமார் 10 நொடி மட்டும் தாங்கும் அளவு. பந்தயக்காரர் இரண்டாவது எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு மேல் முழு த்ராட்டிலில் ஓடும் மோட்டாருக்கு 10 நொடிக் கணக்கு உதவாது.

தேவையான அளவைக் கண்டுபிடிக்க, நண்பர் வைத்திருக்கும் பெரிய கன்ட்ரோலர் ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்தலாம். விமானத்தை அசையாமல் கட்டி, பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, நடுவில் வாட் மீட்டரை இணைத்து, சில நொடி முழு த்ராட்டில் கொடுக்க வேண்டும். புரொப்பெல்லர் சுழலும் தளத்தில் யாரும் நிற்கக் கூடாது. மீட்டர் 55 ஆம்பியர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு 30 சதவீதம் சேர்த்தால் 71.5; ஆகவே 80 ஆம்பியர் கன்ட்ரோலர் வாங்குவது சரி. வானில் வேகம் எடுத்ததும் ஆம்பியர் குறையும். கம்பத்தை ஒட்டித் திரும்பும்போது வேகம் விழுந்து ஆம்பியர் மறுபடி ஏறும். பிட்ச் அதிகமான பந்தய புரொப்பெல்லர் நின்ற இடத்தில் காற்றைச் சரியாகக் கவ்வாது என்பதால் தரை அளவு ஓர் அறிகுறிதான். பறக்கும்போதே ஆம்பியரைப் பதிவுசெய்யும் கன்ட்ரோலர்கள் உண்டு. காசில் நிறுவனத்தின் ஃபீனிக்ஸ் எட்ஜ் வரிசை அப்படிப்பட்டது. தொடர்ந்து பந்தயத்தில் இறங்குகிறவருக்கு அந்தக் கூடுதல் செலவு தகும்.

பேட்டரியை மாற்றினால் கணக்கும் மாறும். அதே மோட்டார், அதே புரொப்பெல்லரோடு மூன்று செல்லிலிருந்து நாலு செல்லுக்குப் போனால் 40 ஆம்பியர் என்பது 70-ஐ நெருங்கிவிடும்.

பலர் பார்க்காமல் விடுவது சுழற்சி வரம்பு. இரண்டு துருவ மோட்டாருக்கு 2,10,000, பன்னிரண்டு துருவ மோட்டாருக்கு 35,000 ஆர்.பி.எம். என்று பல கன்ட்ரோலர்களின் கையேட்டிலேயே போட்டிருக்கும். 14 துருவம், 1,800 கே.வி. (அதாவது ஒரு வோல்ட்டுக்கு 1,800 ஆர்.பி.எம்.) கொண்ட மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 16.8 வோல்ட்டில் சுமை இல்லாதபோது அதன் வேகம் 30,240. துருவ ஜோடி ஏழு என்பதால் ஏழால் பெருக்கினால், இரண்டு துருவக் கணக்கில் 2,11,680. வரம்பைத் தாண்டிவிட்டது! புரொப்பெல்லர் மாட்டியதும் வேகம் நன்றாக இறங்கும் என்றாலும், தலைகீழாகப் பாயும்போது சுமை குறைந்து வேகம் மறுபடி ஏறும். வரம்பை மீறினால் கன்ட்ரோலர் மோட்டாரின் தாளத்தைத் தவறவிடும். மோட்டார் திக்கும், சில சமயம் நின்றே போகும். இன்னும் உயர்ந்த வரம்புள்ளதை வாங்குவதே நல்லது.

ரிசீவருக்கும் செர்வோக்களுக்கும் மின்சாரம் தருவது கன்ட்ரோலருக்குள் இருக்கும் பி.இ.சி. லீனியர் வகை மிச்ச வோல்டேஜை வெப்பமாக்கித் தள்ளும். 14.8 வோல்ட்டை 5 ஆக்கி 2 ஆம்பியர் கொடுத்தால் கிட்டத்தட்ட 20 வாட் சூடு. நாலு செல்லுக்கு ஸ்விட்ச்சிங் வகைதான் ஏற்றது. ‘ஆப்டோ’ என்று எழுதியிருந்தால் பி.இ.சி. கிடையாது; தனியாக வாங்க வேண்டும்.

பந்தய விமானத்தின் உடல் ஒடுக்கம். கன்ட்ரோலரைக் காற்று படும் இடத்தில் வைத்து, காற்று வெளியேறும் ஓட்டையை உள்ளே வரும் ஓட்டையைவிடப் பெரிதாக வெட்ட வேண்டும். வயர் எட்டாவிட்டால் பேட்டரிப் பக்கம் நீட்டுவது ஆபத்து; அங்கே ஏற்படும் வோல்டேஜ் குதிப்பு கெப்பாசிட்டர்களைக் கெடுத்துவிடும். மோட்டார் பக்க மூன்று வயர்களை நீட்டலாம்.

செட்டிங்கில் டைமிங்கை மோட்டார் தயாரிப்பாளர் சொன்னபடி வைத்தால் போதும். பேட்டரி குறையும்போது மோட்டாரைச் சட்டென்று நிறுத்தாமல் மெல்லக் குறைக்கும் கட்-ஆஃபைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தாழ்வாகப் பறக்கும்போது மோட்டார் திடீரென அணைந்தால் தரையிறங்க நேரம் கிடைக்காது. த்ராட்டில் அளவைப் பதியவைக்கும் முன் புரொப்பெல்லரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். முதல் பறப்பை அரை நிமிடத்தில் முடித்துக்கொண்டு, இறங்கியதும் கன்ட்ரோலரைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால், அடுத்த பறப்புக்கு முன் புரொப்பெல்லரை ஓர் அளவு சிறிதாக்குங்கள்.