பாடசாலைத் தோட்டமும் வகுப்பறையே

மாணவர்களே, மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியில் மட்டுமே தோட்டம் செய்யுங்கள். அது உங்களுக்குத் திறந்தவெளி வகுப்பறை.

கணிதம்: 3 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலத்தில் பாத்தி கட்டுங்கள். சுற்றளவு, பரப்பளவு எவ்வளவு? இரு பக்கமும் நின்றால் நடுப்பகுதிக்குக் கை எட்டும். பாத்தியை மிதிக்கத் தேவையில்லை.

விஞ்ஞானம்: பயற்றஞ்செடி ஒன்றை மெதுவாகப் பிடுங்கி வேர்முடிச்சுகளைப் பாருங்கள். அவற்றிலுள்ள பற்றீரியாக்கள் வளியின் நைதரசனைப் பயிருக்கு உதவும்படி மாற்றுகின்றன.

தமிழ்: விதை சேமிக்கும் முறையை அம்மம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

மண் கிண்டும்போது சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வேலையை நிறுத்தி, வந்த காலடித்தடத்திலேயே திரும்பி ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஆசிரியர் பொலிசாருக்கு அறிவிப்பார். பாதுகாப்பென உறுதியாகும்வரை எவரும் அங்கு செல்லக்கூடாது.