அனிமேஷன் படிக்க அப்பிள்தான் வேண்டுமா?

அனிமேஷன் படிப்பதென்றால் அப்பிளின் மெக்தான் வேண்டும், அதற்கு வழியில்லாவிட்டால் பெரிய கிராபிக்ஸ் கார்ட் உள்ள கேமிங் லெப்டொப்பாவது வேண்டும் என்ற நம்பிக்கை, நாவலப்பிட்டி போன்ற ஊர்களில் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக் கூடியது. கணினியை முதலில் வாங்கிவிட்டு, அதில் என்ன ஓடும் என்று பிறகு தேடுவதுதான் இதிலுள்ள கோளாறு. மென்பொருள் எதுவென்று தீர்மானித்துவிட்டால் இயங்குதளத் தெரிவு பெரும்பாலும் முடிந்துவிடும். 3டிஎஸ் மெக்ஸ் விண்டோஸுக்கு மட்டுமே உரியது. மெக் வாங்கியவரால் அதை நேரடியாக நிறுவ முடியாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் லினக்ஸில் ஓடாது. மாயா, பிளெண்டர், கிரிட்டா, ஓபன்டூன்ஸ் நான்கும் விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மாயா தவிர மற்றவை இலவசம். இலவசம் என்றதும் மட்டமாக நினைக்க வேண்டாம். ஜப்பானின் ஸ்டூடியோ ஜிப்லி பயன்படுத்திய டூன்ஸ்தான், 2016இல் திறந்த மூலமாகி ஓபன்டூன்ஸ் ஆனது.

கிராபிக்ஸ் கார்ட் பற்றிய நம்பிக்கையில் பாதி உண்மை. விநாடிக்கு 24 சட்டகம் வீதம் ஒரு நிமிட முப்பரிமாணப் படத்துக்கு 1440 சட்டகங்கள். ஒன்றை ரெண்டர் செய்ய, அதாவது கணினி கணக்கிட்டு இறுதிப் படமாக்க, ஒரு நிமிடம் பிடித்தால் முழுதாக ஒரு நாள் போகும். பத்து விநாடி என்றால் நான்கே மணித்தியாலம். நல்ல கார்ட் நேரத்தை மிச்சப்படுத்தும், சரி. ஆனால் ரெண்டர் முறையை மாற்றினாலும் நேரம் மிஞ்சும். பிளெண்டரில் ஒளியின் பாதையைத் தொடர்ந்து கணக்கிடும் சைக்கிள்ஸைவிட ஈவீ பல மடங்கு வேகமானது. 2025இல் ஒஸ்கார் வென்ற லத்வியப் படமான ‘ஃபுளோ’ ஈவீயில்தான், பெரிய ரெண்டர் கூடம் எதுவுமின்றி, இயக்குநரின் சொந்தக் கணினியிலேயே ரெண்டரானது. இருபரிமாணத்துக்கோ கணக்கே வேறு. முழு எச்.டி. அளவில் ஒரு சட்டகம் நினைவகத்தில் ஏறக்குறைய 8 மெகாபைட் பிடிக்கும். பத்து விநாடிக் காட்சியின் 240 சட்டகங்களுக்கு 2 ஜிகாபைட். அங்கே கைகொடுப்பது ரேம்; விலையுயர்ந்த கார்ட் சும்மா கிடக்கும்.

மெக் நீண்டகாலம் உழைக்குமே என்பார்கள். அண்மைய எம் வரிசை மெக்குகள் வேகமானவை என்பதில் சந்தேகமில்லை, வசதியுள்ளவர் வாங்கட்டும். ஆனால் மெக்புக்கின் ரேமைப் பின்னர் கூட்ட முடியாது, வாங்கிய அளவுதான் கடைசிவரை. மேசைக் கணினியிலோ இன்று 16 ஜிகாபைட் போட்டுவிட்டு, காசு சேர்ந்ததும் கண்டியிலோ கொழும்பு யூனிட்டி பிளாசாவிலோ இன்னொரு 16 வாங்கிச் செருகிக்கொள்ளலாம். அந்தக் கணினியில் லினக்ஸைப் போட்டுப் பழகினால் வேலை கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. 1997இல் வெளிவந்த ‘டைட்டானிக்’கின் காட்சிகளை ரெண்டர் செய்ததிலேயே லினக்ஸ் கணினிகளுக்குப் பங்குண்டு, இன்றும் பெரிய ஸ்டூடியோக்களில் அதுவே புழக்கத்தில் இருக்கிறது. உள்ளூர் விளம்பர நிறுவனம் அடோபி தெரியுமா என்று கேட்டால் அது வேறு விஷயம். அதற்காக அதே கணினியில் விண்டோஸையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம், செலவு இரட்டிப்பாகாது.

விலைப்பட்டியலில் கவனிக்கப்படாமல் போவது யூ.பி.எஸ். மழையும் இடியும் மிகுந்த இந்தப் பக்கத்தில் இரவு ரெண்டருக்கு விட்டுத் தூங்கும்போது கரண்ட் போவது ஒன்றும் அதிசயமல்ல. லெப்டொப்புக்கு பேட்டரி இருக்கிறதே என்றால், மணிக்கணக்கில் ரெண்டர் ஓடும்போது அது சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்தச் சுமையில் பேட்டரியும் நெடுநேரம் தாங்காது. காசு செலவில்லாத ஒரு பாதுகாப்பும் உண்டு. நேரடியாக எம்.பி.4 வீடியோவாக ரெண்டர் செய்யாமல் பி.என்.ஜி. படங்களாக வரிசையில் சேமிக்கச் சொல்லிவிட வேண்டும். 900ஆவது சட்டகத்தோடு கரண்ட் போனாலும் 901இலிருந்து தொடரலாம். வீடியோவாக விட்டிருந்தால் பெரும்பாலும் ஒன்றிலிருந்துதான்.